டிபக்கர் உங்கள் பலகையைத் தானாக ஏன் அறிந்துகொள்வதில்லை?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி சூடு பிடிக்கும் மாதங்களில் ஒரு புகார் அடிக்கடி காதில் விழும்: “சார், டிபக்கர் வேலை செய்யவில்லை.” எது வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. மடிக்கணினியில் இருக்கும் மென்பொருளா, யுஎஸ்பியில் செருகிய விரல் நீளக் கருவியா, நடுவில் போகும் கம்பியா, மின்சுற்றுப் பலகையில் உட்கார்ந்திருக்கும் சிப்பா? நான்கையும் ஒரே பொருளாக நினைத்துக்கொள்வதால், கோளாறு எங்கே இருந்தாலும் வைத்தியம் ஒன்றாகவே இருக்கிறது: மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அநேகமாக அதனால் எதுவும் சரியாவதில்லை.

டிபக்கர் பிழையைக் கண்டுபிடித்துத் தந்துவிடும் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. அது தராது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நாம் சொன்ன இடத்தில் நிறுத்தும். நிறுத்திய கணத்தில் மாறிகளில் என்ன இருக்கிறது, நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும். பிறகு ஒவ்வொரு வரியாக நகர்த்தும். பிழையைப் பார்க்க வேண்டிய கண் நம்முடையது.

ஒரு குறிப்பிட்ட பலகைக்கு டிபக்கரை அமைப்பது என்றால், அந்தப் பலகை எப்படிப்பட்டது என்று டிபக்கருக்கு எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்த விவரம் மெய்யாக இருந்தால் வேலை நடக்கும். வேறொருவர் தம் பலகைக்கு எழுதியதை அப்படியே நகலெடுத்தால் நடக்காமல் போகலாம். பாதி நடந்து நம்மை ஏமாற்றவும் செய்யலாம். அதுதான் அதிகத் தொல்லை.

உதாரணத்துக்கு ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் குளங்களில் தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டும் ஏரேட்டர் மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் ஒரு மாணவர் குழு சிறு கருவி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது மலிவாகக் கிடைக்கும் ‘புளூ பில்’ பலகை. அதன் நடுவில் இருக்கும் கறுப்புச் சதுரம் எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகண்ட்ரோலர். செயலி, நினைவகம், வெளியுலகோடு பேசும் முனைகள் மூன்றும் ஒரே சிப்பில் அடங்கியிருந்தால் அதற்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர்.

மடிக்கணினியில் இல்லாத சிக்கல்

மடிக்கணினிக்கு எழுதிய நிரலை டிபக் செய்ய அமைவு எதுவும் தேவைப்படுவதில்லை. நிரலும் டிபக்கரும் ஒரே இயந்திரத்தில் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே லினக்ஸோ விண்டோஸோ நின்றுகொண்டு, நிரலை நிறுத்துவது, அதன் நினைவகத்தைக் காட்டுவது போன்ற வேலைகளைச் செய்து கொடுக்கிறது.

புளூ பில்லில் அந்த வசதி இல்லை. நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் 64 கிலோபைட். நிரல் ஓடும்போது எழுதி அழிக்கும் ராம் நினைவகம் 20 கிலோபைட். இயங்குதளம் இல்லை, திரை இல்லை, விசைப்பலகையும் இல்லை. டிபக்கர் அதற்குள் குடியேற இடமே கிடையாது. ஆகவே அது மடிக்கணினியில் இருந்துகொண்டு, வெளியிலிருந்து சிப்புக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கரையிலிருந்து கப்பலுக்கு

கடலூர் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் நெடுங்காலமாகக் கரையை ஒட்டி வந்து நின்றதில்லை. அதற்கு ஆழம் போதாது. தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். கரையில் இருக்கும் ஏஜென்ட் அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் இருக்கும்: எந்த அறையில் என்ன மூட்டை, எத்தனை மூட்டை என்று. ஆனால் அந்த அலுவலர் கப்பலைத் தொட முடியாது. தோணிக்காரரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவார்.

அந்தச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? எந்தத் தோணி போகிறது, எந்தக் கப்பல், அதன் அடையாளம் என்ன, ஏணி எந்தப் பக்கம் தொங்குகிறது, எந்த அறையில் எது இருக்கிறது. ஒன்று தப்பினாலும் தோணி திரும்பி வரும், அல்லது வேறு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும். சரக்குப் பட்டியலே போன பயணத்துக்கு உரியதாக இருந்தால், தோணிக்காரர் மேல் ஒரு தவறும் இல்லாமலே கணக்கு உதைக்கும்.

டிபக்கிங்கில் கப்பல் என்பது சிப். கரை அலுவலகம் ஜிடிபி. தோணிக்காரர் ஓபன்ஓசிடி. தோணி என்பது யுஎஸ்பியில் செருகும் புரோப். சீட்டுதான் நாம் எழுதும் அமைவுக் கோப்பு.

நான்கு கண்ணிகள்

ஜிடிபி என்பது டிபக்கர் மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதத் தொடங்கியது. இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ‘மெயின்’ என்ற செயற்கூறு எங்கே தொடங்குகிறது, ‘வெப்பம்’ என்ற மாறி எந்த முகவரியில் இருக்கிறது என்பன அதற்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், நாம் எழுதும் நிரலை எந்திரக் குறிகளாக மாற்றும் கம்பைலர் உருவாக்கும் எல்ஃப் கோப்பின் வழியாக. எந்திரக் குறிகளோடு, எந்த வரி எந்த முகவரிக்கு மாறியது என்ற பட்டியலையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம் அது. ஆனால் யுஎஸ்பி, மின்னழுத்தம், கம்பி எதைப் பற்றியும் ஜிடிபிக்குத் தெரியாது.

ஓபன்ஓசிடி என்பது நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005-இல் பட்டப் படிப்புக்கான ஆய்வாகத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. இறுதியாண்டுத் திட்டப்பணி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நான் மாணவர்களிடம் காட்டும் சான்றும் இதுவே. ஜிடிபி “இந்த முகவரியில் இருப்பதைக் காட்டு” என்று கேட்டால், அதைச் சிப்புக்குப் புரியும் மின் துடிப்புகளாக மாற்ற வேண்டிய முறையை அது அறியும். மடிக்கணினிக்குள்ளேயே 3333 என்ற எண்ணுள்ள வாசலில் ஜிடிபிக்காகக் காத்திருக்கும்.

புரோப் என்பது அந்தத் துடிப்புகளை உண்மையாகவே அனுப்பும் கருவி. நம் மாணவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது எஸ்டி-லிங்க், அல்லது அதன் மலிவான நகல்.

நான்காவது கண்ணி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நம் சிப்பில் இருப்பது கார்டெக்ஸ்-எம்3 என்ற ஆர்ம் வகைச் செயலி. அதன் பக்கத்தில், செயலியை நிறுத்தவும் நினைவகத்தைப் படிக்கவும் என்றே தனியாக ஒரு சுற்று பதிக்கப்பட்டிருக்கிறது. நம் நிரல் தாறுமாறாகப் போய் மாட்டிக்கொண்டாலும் இந்தச் சுற்று விழித்திருக்கும். வெளியிலிருந்து அதை அடையும் வழிக்கு எஸ்டபிள்யூடி என்று பெயர். தரவுக்கு ஒரு கம்பி, கடிகாரத் துடிப்புக்கு ஒரு கம்பி, இவற்றோடு பொதுத் தரை இணைப்பு. இதற்கு முந்தைய வழி ஜேடேக். பலகையில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காகப் பிறந்து, 1990-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரமாகி, பிறகு டிபக்கிங்குக்கும் பயன்பட்டது. அதற்குக் குறைந்தது நான்கு கம்பிகள் வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஜிடிபிக்கு நிரல் தெரியும், வன்பொருள் தெரியாது. ஓபன்ஓசிடிக்கு வன்பொருளோடு பேசத் தெரியும், ஆனால் எந்த வன்பொருள் என்று நாம் சொல்ல வேண்டும். புரோப் செய்தியைச் சுமந்து போகிறது. சிப்புக்குள் இருக்கும் டிபக் சுற்று பதில் சொல்கிறது.

சீட்டில் எழுதுவது என்ன?

ஓபன்ஓசிடியைத் தொடங்கும்போது இரண்டு கோப்புகளின் பெயரைக் கொடுப்போம். ‘இன்டர்ஃபேஸ்’ என்ற அடைவில் புரோப்புக்கான கோப்பு. ‘டார்கெட்’ என்ற அடைவில் சிப்புக்கான கோப்பு. நம் உதாரணத்தில் முதலாவது எஸ்டி-லிங்க், இரண்டாவது எஸ்டிஎம்32எஃப்1 குடும்பம். பெயர் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், இரண்டாவது கோப்பை ஒரு முறையாவது திறந்து படியுங்கள். வெறும் எழுத்துக் கோப்புதான். ஓரிரு பக்கம்கூடத் தாண்டாது.

அதில் முதலில் கண்ணில் படுவது அடையாள எண். இணைந்தவுடன் சிப் ஓர் எண்ணைச் சொல்லும். கோப்பில் எழுதியிருப்பதோடு அது பொருந்துகிறதா என்று ஓபன்ஓசிடி பார்க்கும். அசல் எஸ்டிஎம்32எஃப்103 எஸ்டபிள்யூடி வழியாகச் சொல்லும் எண் 1-இல் தொடங்கும். சந்தையில் கிடைக்கும் புளூ பில் பலகைகள் சிலவற்றில் இருப்பது நகல் சிப். மேலே எஸ்டிஎம்32 என்றே அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது 2-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லும். மற்ற ஏழு இலக்கங்களும் ஒன்றே. எதிர்பாராத அடையாள எண் என்று ஓபன்ஓசிடி முரண்டு பிடிப்பது இதனால்தான். கோப்பில் அந்த முதல் இலக்கத்தை மாற்றினால் இணைப்பு கிடைத்துவிடும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் கையில் இருப்பது அசல் அல்ல என்று திட்டப்பணிக் குறிப்பேட்டில் எழுதியும் வைக்க வேண்டும். பின்னால் ஏதாவது விநோதமாக நடந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

அடுத்தது ஃபிளாஷ் நினைவகம் தொடங்கும் முகவரி. இந்தக் குடும்பத்தில் அது பதினாறடிமான எண்ணில் 08000000. ராம் தொடங்குவது 20000000. இவை சிப்பைச் செய்தவர்கள் முடிவு செய்தவை, நாம் மாற்றக்கூடியவை அல்ல.

‘வேலைப் பகுதி’ என்று ராமில் ஒரு பங்கை ஒதுக்கும் வரியும் இருக்கும். இது எதற்கு என்று பலருக்கும் குழப்பம். ஃபிளாஷில் எழுதுவது ராமில் எழுதுவதைப்போல் நேரடியானதல்ல. முதலில் அழிக்க வேண்டும், பிறகு குறிப்பிட்ட ஒழுங்கில் எழுத வேண்டும். ஒவ்வொரு படியையும் கம்பி வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நேரமாகும். ஆகவே ஓபன்ஓசிடி ஒரு குட்டி நிரலைச் சிப்பின் ராமில் இறக்கி, அதையே ஃபிளாஷில் எழுதச் சொல்கிறது. அந்தக் குட்டி நிரல் தங்கும் இடமே வேலைப் பகுதி. ராமே குறைவாக உள்ள சிப்புக்குப் பெரிய சிப்பின் கோப்பைக் கொடுத்தால், இல்லாத இடத்தில் அதை இறக்கப் பார்த்துத் தோற்றுவிடும்.

கடைசியாக வேகம். இந்தக் கோப்பில் 1000 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கும். கம்பி நீளமாக இருந்தால், பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், இந்த வேகத்தில் செய்தி சிதையும். குறைத்துப் பாருங்கள். மெதுவாகப் பேசுவதால் எதுவும் கெட்டுப்போகாது.

கம்பி

கோப்பு சரியாக இருந்தும் இணையவில்லை என்றால் முதலில் தரைக் கம்பியைப் பாருங்கள். பலகைக்குத் தனி மின்சாரம் கொடுத்துவிட்டு, தரவுக் கம்பியையும் கடிகாரக் கம்பியையும் மட்டும் புரோப்போடு இணைப்பவர்கள் அதிகம். இரு பக்கத் தரையும் இணையாவிட்டால் எது உயர் மின்னழுத்தம், எது தாழ் மின்னழுத்தம் என்று ஒப்பிட அளவுகோல் இல்லை.

நம் ஊர்க் கடற்காற்றுக்கு ஜம்பர் கம்பியின் முனைகள் சீக்கிரம் மங்கிப்போகும். பார்வைக்குச் செருகியிருக்கும், மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும். மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

எங்கே அறுந்தது என்று பிழைச் செய்தியே சொல்லிவிடும், படித்தால். புரோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் சிக்கல் யுஎஸ்பி பக்கம். லினக்ஸில் அது பெரும்பாலும் அந்தக் கருவியைத் தொட உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி இல்லாததால் வருவது. புரோப் கிடைத்தது, இலக்கோடு இணைய முடியவில்லை என்றால் சிக்கல் கம்பியிலோ சிப்பிலோ இருக்கிறது. இரண்டும் நலம், ஆனால் ஜிடிபி மட்டும் இணையவில்லை என்றால் 3333 வாசலைப் பாருங்கள். பழைய ஓபன்ஓசிடி ஒன்று மூடப்படாமல் அந்த வாசலைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஜிடிபி பக்கம்

இங்கே வேலை குறைவு. ஆர்ம் சிப்புக்கான ஜிடிபியைத் திறந்து, எல்ஃப் கோப்பைக் கொடுத்து, 3333 வாசலோடு இணைத்து, சிப்பை மீள்தொடக்கி நிறுத்தச் சொல்லி, நிரலை ஏற்றி, மெயினில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து ஓட விடுவது. நிரல் வந்து நிற்க வேண்டிய இடத்தில் நாம் வைக்கும் குறிக்குப் பெயர் பிரேக்பாயிண்ட்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, நிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்துவிட்டு, சிப்பில் ஏற்றாமலே டிபக் செய்வது. சிப்பில் பழைய நிரல், கையில் புதிய பட்டியல். நிரல் நிற்கும் வரியைக் காட்டும் அம்புக்குறி, ஓடவே ஓடாத கருத்துரை வரியில் போய் நிற்கும், மாறியில் பொருளற்ற எண் தெரியும். இரண்டாவது, கம்பைலரின் வேகமூட்டல். வேகத்துக்காக கம்பைலர் வரிகளை இடம் மாற்றும், தேவையற்ற மாறிகளை நீக்கிவிடும். அப்போது மாறியின் மதிப்பைக் கேட்டால், அது நீக்கப்பட்டுவிட்டது என்று ஜிடிபி சொல்லும். டிபக் செய்யும் நாட்களில் வேகமூட்டலைக் குறைத்து, டிபக் விவரங்களைச் சேர்க்கச் சொல்லி கம்பைல் செய்ய வேண்டும்.

பிரேக்பாயிண்டுகளுக்கும் வரம்பு உண்டு. ஃபிளாஷில் இருக்கும் நிரலை நிறுத்த, சிப்பின் டிபக் சுற்றில் உள்ள ஒப்பீட்டுக் கருவிகள் தேவை. கார்டெக்ஸ்-எம்3-இல் அவை ஆறு. ஏழாவது குறியை வைத்தால் மறுக்கும். சிப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய குறி ஒன்றை எடுத்துவிட்டால் போதும்.

நிறுத்தினால் எல்லாம் நிற்குமா?

நிற்காது. பிரேக்பாயிண்டில் நிற்பது செயலி மட்டுமே. சிப்புக்குள் இருக்கும் டைமர்கள், அதாவது தாமாகவே எண்ணிக்கொண்டு போகும் கடிகாரச் சுற்றுகள், அவை பாட்டுக்கு ஓடும். முனைகளில் கடைசியாக என்ன மின்னழுத்தம் இருந்ததோ அதுவே தொடரும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே சுவிட்சை இயக்கிய அடுத்த வரியில் நிரலை நிறுத்தினீர்கள் என்றால், நீங்கள் திரையில் மாறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் ஏரேட்டர் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். வெப்பம் ஏறினால் நிறுத்து என்று நீங்களே எழுதிய வரியும் ஓடாது, ஏனெனில் அதை ஓட்ட வேண்டிய செயலி நிற்கிறது. மேசையில் சிறு விளக்கை மட்டும் வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கும்வரை இது யாருக்கும் உறைப்பதில்லை. உண்மையான மோட்டாரை இணைத்த பிறகு டிபக் செய்வதானால், கையெட்டும் தூரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கட்டும்.

இதற்கு நேரெதிரான சிக்கல் வாட்ச்டாக். நிரல் எங்காவது மாட்டிக்கொண்டால் சிப்பை மீள்தொடக்கும் காவல் டைமர் அது. நிரல் அவ்வப்போது அதைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிரேக்பாயிண்டில் நின்றால் தட்ட ஆளில்லை. நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிப் மீள்தொடங்கிவிடும். ‘டிபக்கர் தானாகவே முதல் வரிக்குப் போய்விடுகிறது’ என்று மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எஸ்டிஎம்32எஃப்1 சிப்பில் இதற்கென்றே ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. ரெஜிஸ்டர் என்பது சிப்பின் நடத்தையைத் தீர்மானிக்கும் சிறு நினைவிடம். செயலி நிற்கும்போது வாட்ச்டாக்கும் நிற்கட்டும், உறக்க நிலையிலும் டிபக் இணைப்பு அறாதிருக்கட்டும் என்று அதில் குறிக்கலாம். ஓபன்ஓசிடியின் எஸ்டிஎம்32எஃப்1 கோப்பைக் கடைசிவரை படித்தால், சிப்போடு இணைந்தவுடன் இந்த ரெஜிஸ்டரில் 307 என்ற பதினாறடிமான எண்ணைச் சேர்க்கும் வரியைக் காணலாம். உறக்க நிலைகளுக்கு மூன்று பிட்டுகள், இரண்டு வாட்ச்டாக்குகளுக்கு இரண்டு பிட்டுகள். டைமர்களை நிறுத்தும் பிட்டுகளும் அதே ரெஜிஸ்டரில் உண்டு. ஆனால் அந்த வரி அவற்றைத் தொடவில்லை. எனவே வாட்ச்டாக் நிற்கும், மோட்டாருக்குத் துடிப்பு கொடுக்கும் டைமர் நிற்காது. வேறு கருவியைப் பயன்படுத்தினால் இந்தக் கணக்கு மாறும்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியவை: செயலி நிற்பது வேறு, சிப் நிற்பது வேறு. எது எது சேர்ந்து நிற்க வேண்டும் என்பதும் அமைவின் பகுதியே.

நேற்று இணைந்தது, இன்று இணையவில்லை

டிபக் கம்பிகள் இரண்டும் சிப்பின் சாதாரண முனைகள் வழியாகவே உள்ளே போகின்றன. ஏ வரிசையில் 13-ஆம், 14-ஆம் முனைகள். நம் நிரல் இந்த முனைகளை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டால், நிரல் ஓடத் தொடங்கியவுடன் கதவு சாத்திக்கொள்ளும். படம் வரைந்து நிரலின் தொடக்கப் பகுதியை உருவாக்கித் தரும் கருவிகளில் டிபக் வழியைத் தேர்ந்தெடுக்காமல் விட்டாலும் இதே கதிதான். சிப் பழுது என்று தூக்கி எறியப்பட்ட பலகைகளில் எத்தனை இப்படிப்பட்டவையோ!

மீட்பது எளிது. மீள்தொடக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை நிரல் ஓடாது. முனைகள் டிபக்கருக்கே உரியவை. அந்த நிலையில் இணையச் சொல்லி, பொத்தானை விட்டதும் முதல் வரியிலேயே நிறுத்திவிட வேண்டும். புரோப்பிலிருந்து மீள்தொடக்க முனைக்கும் ஒரு கம்பி போட்டு, அமைவுக் கோப்பில் அதைச் சொல்லிவிட்டால் ஓபன்ஓசிடியே இதைச் செய்துகொள்ளும்.

வாங்கிய பொருளிலிருந்து கழற்றிய பலகை என்றால் இன்னொரு பூட்டு இருக்கலாம். உள்ளிருக்கும் நிரலை யாரும் படித்துவிடாதபடி தயாரிப்பாளர் போட்டது. இந்தச் சிப்பில் அந்தப் பூட்டைத் திறந்தால் ஃபிளாஷ் முழுதும் அழிந்துவிடும்.

வேறு பலகைக்கு மாறினால்

கேள்விகள் அப்படியே இருக்கும், பதில்கள் மாறும். ராஸ்பெரி பை பிக்கோவிலும் எஸ்டபிள்யூடிதான். இன்னொரு பிக்கோவையே புரோப்பாக மாற்றிக்கொள்ளலாம். இஎஸ்பி32-சி3 சிப்பில் புரோப் உள்ளேயே இருக்கிறது, யுஎஸ்பி கம்பி போதும். ஆனால் செயலி ஆர்ம் அல்ல, ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகை என்பதால் ஆர்ம் ஜிடிபி உதவாது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் ரிஸ்க்-ஃபைவ் வகையே. ஆர்டுயினோ யூனோவில் டிபக் வழி மீள்தொடக்க முனையிலேயே இருப்பதால், பலகையில் ஓர் இணைப்புத் தடத்தை வெட்டினால்தான் அது கிடைக்கும். சீரியல் திரையில் எண்களை அச்சிட்டுப் பார்ப்பதோடு யூனோ பயனர்கள் பலர் நின்றுவிடுவதில் வியப்பில்லை.

ராஸ்பெரி பை 4 போன்ற லினக்ஸ் ஓடும் பலகையில் உங்கள் நிரலை மட்டும் பார்க்க வேண்டுமானால் புரோப்பே வேண்டாம். பலகையில் ஜிடிபிசர்வர் என்ற சிறு நிரலை ஓடவிட்டு, மடிக்கணினியிலிருந்து வைஃபை வழியாகவே இணைந்துகொள்ளலாம்.